கண்மாயில் மூன்று நிமிடம்: நீர்ப்பூச்சிகளை எடுப்பதும் இனங்காண்பதும்

செட்டிநாட்டில் தண்ணீர் இரண்டு விதமாக நிற்கிறது. கண்மாய் மண்கரை போட்டது. பரப்பு அதிகம், ஆழம் குறைவு. வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து, மாசி பங்குனியில் சுருங்கி, வைகாசிக்குள் வெடித்த சேறாகிவிடும். ஊரணி ஊரை ஒட்டியது. செம்பூரான் கல்லில் சுவரும் படித்துறையும் கட்டி, வரத்துக்கால் வழியாக மழைநீரை வாங்கி வைத்திருப்பார்கள். பல ஊரணிகளில் கோடையிலும் தண்ணீர் நிற்கும். காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் பெரும்பாலான ஊர்களில் இரண்டும் நடந்து போகும் தூரத்திலேயே கிடைக்கும். பெய்கிற மழை ஒன்று, மண்ணும் ஏறக்குறைய ஒன்று, ஆனால் உள்ளே வாழும் உயிர்கள் வேறு. நீர்வாழ் உயிர்களை ஒப்பிட்டுப் படிக்க நினைப்பவருக்கு இது பெரிய வாய்ப்பு.

ஒப்பிட வேண்டுமென்றால், எவ்வளவு தேடினோம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். 'எங்கள் ஊர்க் கண்மாயில் 22 வகைத் தட்டான்' என்று ஒருவர் பட்டியல் போடுகிறார். பக்கத்து ஊர்க்காரர் 14 என்கிறார். முதலாமவர் வருடம் முழுக்கப் போய் வந்தவர், இரண்டாமவர் ஒரு காலைப்பொழுது நின்றவர் என்றால் அந்த இரண்டு எண்களை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தவறாகப் பெயரிட்ட பூச்சியைப் படத்தைப் பார்த்து யாராவது பிறகு திருத்திவிடலாம். எவ்வளவு நேரம், எந்த வலை, எந்த இடம் என்பதை எழுதாமல் விட்டால் யாராலும் அதைத் திருத்த முடியாது. ஆகவே இங்கே பெயர்களுக்கு முன் முறையைப் பேசுகிறோம்.

இறங்கும் முன்

கண்மாய் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில நீர்வளத் துறையிடம், சில ஊராட்சி ஒன்றியத்திடம் இருக்கும். எதுவானாலும் மீன்பாசி குத்தகை எடுத்தவரிடம் சொல்லாமல் வலையோடு இறங்கக் கூடாது. "அண்ணே, மீனைத் தொடமாட்டோம். பூச்சியைப் பார்த்துட்டுத் தண்ணியிலயே விட்டுருவோம்" என்று சொல்லி, வலையையும் கையில் கொடுத்துக் காட்டிவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை வராது. எந்தப் பக்கம் ஆழம், எங்கே மண் எடுத்த பள்ளம் கிடக்கிறது என்பதும் அவருக்கே நன்றாகத் தெரியும். இந்தத் தகவல் உயிர் காப்பது. உள்வாயில் வண்டலும் கிராவலும் எடுத்த பள்ளங்கள் நீர் நிறைந்த பிறகு கண்ணுக்குத் தெரியாது. முழங்கால் ஆழத்திலிருந்து அடுத்த எட்டில் தலைக்கு மேல் போய்விடும். ஒரு மூங்கில் கழியால் முன்னால் குத்திப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டிய தேவை இந்த வேலையில் இல்லை. தனியாகப் போகவே கூடாது.

குடிநீர் ஊரணியில் காலே வைக்கக் கூடாது. படித்துறையில் நின்று, நீளக் கைப்பிடி வலையால் எட்டும் தூரம் மட்டும் எடுங்கள். கையில் கொசு விரட்டிக் களிம்பும் வெயில் களிம்பும் இருந்தால் தண்ணீரில் கை நனைக்க வேண்டாம். குடிக்கிற ஊருக்கும் நல்லதல்ல, தட்டில் இருக்கிற பூச்சிக்கும் நல்லதல்ல. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தின் கண்மாய்களில் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் எந்த உயிரையும் எடுக்க முடியாது. பறவைகள் கலையக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிக்காமலே இருக்கிற ஊர்கள் அவை. கூடு கட்டிய மரத்தடியில் நாம் வலையோடு சேற்றைக் கலக்கிக்கொண்டு திரிவது எந்த அனுமதி இருந்தாலும் முறையல்ல.

வலை

கடைக்குப் போய்க் கொசுவலை வாங்கித் தைப்பவர்கள் உண்டு. அதன் கண் ஒரு மில்லிமீட்டருக்கும் பெரியது. சின்ன மே பூச்சி இளவுயிரிகளும் கொசுப்புழுக்களும் அதன் வழியே போய்விடும். வேண்டியது அரை மில்லிமீட்டர் கண். மாவு சலிக்கும் நைலான் துணியிலும் மீன்குஞ்சுப் பண்ணைக்கு விற்கும் துணியிலும் இது கிடைக்கும். வாங்கும்போது அளவுகோலை மேலே வைத்து எண்ணுங்கள். நூலின் தடிமனைப் பொறுத்து 1 செ.மீ. நீளத்தில் 13 முதல் 15 கண்கள் இருந்தால் சரி. இதைவிட நெருக்கமான துணி எடுத்தால் செட்டிநாட்டுச் செம்மண் கலங்கலில் உடனே அடைத்துக்கொள்ளும். அடைத்த வலை தண்ணீரை வடிகட்டாமல் முன்னால் தள்ளும். அந்தத் தள்ளலோடு பூச்சிகளும் ஒதுங்கிப் போய்விடும். எடுத்தது குறைவாக இருப்பதற்கு இதுவே பல சமயம் காரணம்.

சட்டத்தை 6 மி.மீ. கம்பியில் வளைத்துக்கொள்ளலாம். கீழ்ப்பக்கம் 30 செ.மீ. நேராகவும் மேல்பக்கம் வளைவாகவும் இருக்க வேண்டும். வட்டமான சட்டம் தரையில் ஒரு புள்ளியில்தான் படும். நேர்விளிம்பு தரையோடு முழுக்கப் படிந்து போகும். பையின் ஆழம் 45 செ.மீ. குறையாமல் இருந்தால், எடுத்ததும் கையை ஒரு திருப்பு திருப்பிப் பையின் வாயை மூடிவிடலாம், உள்ளே போனது வெளியே தாவாது. விளிம்பைச் சுற்றி ரெக்சினோ தார்ப்பாயோ மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். செம்பூரான் கல்லில் உரசினால் நைலான் ஒரே நாளில் கிழிந்துவிடும். கைப்பிடிக்கு ஒன்றரை மீட்டர் மூங்கில். அதில் 10 செ.மீ. இடைவெளிக்கு வண்ணக்கோடு போட்டால் ஆழம் அளக்கவும் அதுவே ஆகும்.

மூன்று நிமிடம்

குளங்களில் நீர்ப்பூச்சி எடுக்க உலகில் பல இடங்களில் பழகிவரும் முறை மூன்று நிமிட வலைவீச்சு. வலை தண்ணீருக்குள் இருக்கும் நேரம் மட்டும் மொத்தம் 180 விநாடி. நடக்கிற நேரமும் வலையைக் கொட்டுகிற நேரமும் கணக்கில் சேராது. ஒருவர் வலையைப் பிடித்தால் இன்னொருவர் கடிகாரத்தைப் பிடிக்க வேண்டும்.

அந்த 180 விநாடியை வாழிடங்களுக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். முதலில் கரையைச் சுற்றி நடந்து, உள்ளே எத்தனை வகை இடம் இருக்கிறது என்று பாருங்கள். கண்மாயில் பொதுவாகக் கரையோரக் கோரையும் சம்பும் ஒன்று. அல்லியும் கொட்டிக்கிழங்கும் இலை பரப்பிய பகுதி ஒன்று. நீருக்குள் மூழ்கிய வேலம்பாசி ஒன்று. வெறும் சேறு ஒன்று. தண்ணீரில் நிற்கும் கருவேல மரங்களின் அடியும் வேரும் ஒன்று. ஐந்து வகை என்றால் ஒவ்வொன்றுக்கும் 36 விநாடி. ஊரணியில் கல்சுவர்ப் பாசி, படித்துறையின் நீருக்குள் மூழ்கிய படி, ஆகாயத்தாமரை வேர், அடிச்சேறு என்று நான்கு வந்தால் 45 விநாடி. வேலம்பாசியில் நிறைய அகப்படுகிறது என்று அங்கேயே நின்றுவிடுவதுதான் எல்லோருக்கும் வரும் ஆசை. அப்படி நின்றால் பட்டியல் நீளும், அடுத்த கண்மாயோடு ஒப்பிடும் தகுதி போய்விடும்.

வீச்சு இப்படி: வலையின் நேர்விளிம்பைத் தரைக்கு இரண்டு விரல் மேலே வைத்து ஒரு மீட்டர் முன்னால் தள்ளி, உடனே திருப்பி அதே தடத்தில் இழுக்க வேண்டும். முதல் தள்ளலில் தரையிலும் செடியிலும் ஒட்டியிருந்தவை கிளம்பும். திரும்பி வரும்போதுதான் பிடிபடும். சேற்றைத் தோண்டக் கூடாது. ஒரு வீச்சில் பை நிறையச் சேறு வந்தால், பையின் அடியைத் தண்ணீருக்குள் வைத்து மெதுவாக அசைத்துக் கழுவிவிட்டு அடுத்த வீச்சுக்குப் போங்கள். கல்சுவருக்கு வலையை நட்டமாகப் பிடித்துக் கீழிருந்து மேலே உரசி எடுக்க வேண்டும். மூன்று நிமிடம் முடிந்ததும் வலை இல்லாமல் ஒரு நிமிடம் நீர்ப்பரப்பை மட்டும் பாருங்கள். நீர்தாண்டிகளும் வட்டமடிக்கும் கருவண்டுகளும் வலையின் நிழல் பட்டதும் ஓடிவிடுபவை.

ஒரு கண்மாயில் மூன்று இடங்களிலாவது இப்படி எடுக்கலாம், மூன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும். ஆனால் ஒரே ஊரணியில் ஐந்து முறை எடுத்தால் அது ஐந்து ஊரணி ஆகாது. 'கல்சுவர் உள்ள ஊரணியில் இவை அதிகம்' என்று சொல்ல வேண்டுமானால் கல்சுவர் உள்ளவை சில, இல்லாதவை சில என்று வேறுவேறு ஊரணிகள் வேண்டும்.

நீர் சுருங்கும்போது எண்கள் ஏமாற்றும்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்து நீர்நிலைகளின் இயல்பே இதுதான். தையில் ஒரு கண்மாய் 4 ஹெக்டேர் பரப்பில் நிற்கிறது, ஒரு வீச்சுக்குப் பத்து முதுகுநீச்சல் பூச்சி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சித்திரையில் தண்ணீர் அரை ஹெக்டேராகச் சுருங்கி, ஒரு வீச்சுக்கு நாற்பது வருகிறது. குறிப்பேட்டைப் பார்த்தால் நான்கு மடங்கு பெருகியது போல இருக்கும். பரப்பு எட்டில் ஒரு பங்காகிவிட்டது. ஆழத்தை விட்டுவிட்டுப் பரப்பை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டாலும் மொத்தப் பூச்சி பாதியாகக் குறைந்திருக்கிறது. சுருங்கும் நீரில் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதால் வலைக்கு எளிதாகக் கிடைக்கின்றன, அவ்வளவுதான். கொக்கும் நாரையும் அந்த நேரத்தில் அங்கே கூடுவதும் இதே காரணத்தால்தான்.

ஆகவே ஒவ்வொரு முறையும் நீர்மட்டத்தை எழுதியே ஆக வேண்டும். ஊரணியில் இது மிக எளிது. படித்துறையில் நீருக்கு மேலே எத்தனை படி வெளியே தெரிகிறது என்று எண்ணினால் போதும். கண்மாயில் மடைக்கல்லில் ஒரு குறியை வைத்துக்கொள்ளலாம். கலுங்கு வழிகிறதா என்பதையும் குறிக்கலாம். முடிந்தால் கைப்பேசியின் வழித்தடப் பதிவைப் போட்டுவிட்டு நீரோரமாக ஒரு சுற்று நடந்து வாருங்கள், பரப்பு கிடைத்துவிடும்.

காலமும் அப்படித்தான். கண்மாய் நிறைந்த முதல் வாரங்களில் இருப்பவை பெரும்பாலும் பறந்து வந்தவை: நீர்வண்டுகள், மூட்டைப்பூச்சி இனத்து நீர்ப்பூச்சிகள், முட்டையிட வரும் தட்டான்கள். நத்தைகளில் பெரிய ஆப்பிள் நத்தை சேற்றுக்குள் மூடியை இறுக்கிக்கொண்டு கோடையைக் கடந்து மழைக்கு வெளிவரும். செடிகள் தழைத்த பிறகு வருபவை வேறு. குறைந்தது மூன்று தடவை எடுங்கள்: நீர் நிறைந்து மூன்று வாரம் ஆனதும், தையில், நீர் வற்றுவதற்குச் சற்று முன்பு. நீர் வற்றும் சமயத்தில் மீன்பிடித் திருவிழா நடந்தால் அதையும் தவறவிட வேண்டாம். ஊத்தாவிலும் கச்சாவிலும் வருவதைப் பார்த்தால், நம் கைவலைக்கு ஒருபோதும் சிக்காத விரால், ஆரால் போன்றவை கண்மாயில் இருந்தது தெரியவரும். அயல் மீனான ஜிலேபி எவ்வளவு பெருகியிருக்கிறது என்பதும் அன்றைக்குத் தெரிந்துவிடும். அதை 'திருவிழாவில் பார்த்தது' என்று தனியாக எழுதுங்கள், மூன்று நிமிடக் கணக்கோடு கலக்க வேண்டாம்.

தட்டில் கொட்டிய பிறகு

வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு, 5 செ.மீ. ஆழம், அதில் இரண்டு விரல் தெளிந்த தண்ணீர். வலையில் இருப்பதை ஒரேயடியாகக் கொட்டாமல் ஒரு பிடி ஒரு பிடியாகப் போட வேண்டும். குப்பை அதிகமானால் பூச்சி தெரியாது. ஐந்து நிமிடம் தட்டைத் தொடாதீர்கள். அசையாமல் கிடந்தவை மெல்ல நகரத் தொடங்கும். நிழலில் வைப்பது கட்டாயம். நம் வெயிலில் இரண்டு விரல் தண்ணீர் வெகு சீக்கிரம் சூடேறி இளவுயிரிகள் செத்துவிடும்.

வேட்டையாடுபவற்றை உடனே வேறு கிண்ணங்களுக்கு மாற்றுங்கள். நீர்வண்டின் இளவுயிரியும் தட்டானின் இளவுயிரியும் பக்கத்தில் இருப்பதைப் பிடித்துத் தின்றுவிடும். அரைமணி கழித்து எண்ணினால் கணக்கு மாறியிருக்கும். மாற்றும்போது கையால் எடுக்காமல் கரண்டியால் எடுங்கள். முதுகுநீச்சல் பூச்சியும் முட்டை சுமக்கும் நீர்ப்பூச்சியும் அலகால் குத்தினால் குளவி கொட்டியது போல வலிக்கும்.

இனங்காண்பதை இங்கேயே தொடங்கலாம், நேராக இனப்பெயருக்குத் தாவாமல் குடும்பம்வரை. பின்முனையை முதலில் பாருங்கள். மூன்று இலைபோன்ற செவுள்கள் இருந்தால் ஊசித்தட்டானின் இளவுயிரி. அவை எளிதில் உதிர்பவை. இரண்டோ ஒன்றோ மட்டும் இருந்தாலும் ஊசித்தட்டான்தான். இலை இல்லாமல் கூரான சின்ன முட்கள் கூம்பி நின்றால் பெரிய தட்டான் வகை. அதன் செவுள் மலக்குடலுக்குள் இருக்கிறது. இரண்டுக்கும் முகத்தின் கீழே மடித்து வைத்த கீழுதடு இருக்கும், இரையைக் கண்டால் சட்டென்று நீளும். இந்த உதடு இல்லாமல், வயிற்றின் இரு பக்கமும் செவுள்கள் படபடக்க, பின்னால் நூல்போல வால்கள் நீண்டிருந்தால் அது மே பூச்சி. ஊசித்தட்டானையும் இதையும் குழப்புவதுதான் புதியவர்களிடம் அதிகம் நடக்கும் தவறு.

வண்டா, மூட்டைப்பூச்சி இனமா என்பதற்கு முதுகைப் பாருங்கள். முன்சிறகுகள் நடுவில் நேர்கோடாகச் சந்தித்தால் வண்டு. நுனி மெல்லியதாகி ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே படிந்து, வாயில் தாடைக்குப் பதில் உறிஞ்சும் அலகு இருந்தால் மூட்டைப்பூச்சி இனம். வண்டுகளில் இரண்டு பெரிய குடும்பங்கள் ஒரே நிறம், ஒரே அளவில் இருக்கும். இவற்றை உயிரோடு பார்த்தாலே பிரித்துவிடலாம். ஸ்பிரிட்டில் போட்ட பிறகு பாதி அடையாளம் போய்விடும். நீந்தும்போது இரண்டு பின்கால்களையும் சேர்த்துத் துடுப்பு போட்டு, காற்று வாங்கப் பின்முனையை மேலே நீட்டினால் டைட்டிசிடே. கால்களை மாற்றி மாற்றி அடித்து, தலையை முதலில் மேலே கொண்டுவந்து, வயிற்றடியில் வெள்ளி போலக் காற்றுப்படலம் மின்னினால் ஹைட்ரோஃபிலிடே. இரண்டாவதில் உணர்கொம்பு போல நீண்டு தெரிவது உண்மையில் வாய்த்தொடுவான். உணர்கொம்பு குட்டையாக, நுனி தடித்து, மறைந்திருக்கும்.

மூட்டைப்பூச்சி இனத்தில், மல்லாந்து நீந்துவது முதுகுநீச்சல் பூச்சி. நேராக நீந்திச் செடியைப் பற்றுவது கோரிக்சிடே. பின்னால் நீண்ட மூச்சுக்குழல் இருந்தால் நீர்த்தேள். குச்சிபோல மெலிந்தது ரனட்ரா, இலைபோல அகன்றது லேக்கோட்ரெஃபிஸ். முதுகு நிறைய முட்டைகளை அடுக்கிச் சுமப்பது டிப்ளோனிக்கஸ், சுமப்பது ஆண். சிவப்புப் புழு என்றால் அது மூட்டைப்பூச்சி இனமல்ல, கைரோனோமிட் என்ற கொசுபோன்ற ஈயின் இளவுயிரி. அந்தச் சிவப்பு ஹீமோகுளோபினால் வருவது, ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அது பிழைக்கும். சேற்றில் அது மட்டுமே வந்து வேறெதுவும் வரவில்லை என்றால் அந்த இடத்துக்கு எங்கிருந்தோ சாக்கடை வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

நத்தையை நுனி மேலே, வாய் நம்மைப் பார்க்கும்படி பிடியுங்கள். வாய் வலப்பக்கம் இருந்து மூடி இல்லையென்றால் லிம்னேயிடே. இடப்பக்கம் இருந்தால் பெரும்பாலும் ஃபைசா, வெளிநாட்டிலிருந்து வந்தது. தட்டையான சுருள் என்றால் இண்டோபிளானார்பிஸ். மூடி இருந்தால் இவை மூன்றுமில்லை.

பறக்கும் தட்டான்கள்

வளர்ந்த தட்டான்களுக்கு வலை வேண்டாம், கேமரா போதும். நீரோரமாக 100 மீட்டர் அளந்து கொடிக்குச்சி நட்டு, அரைமணி நேரத்தில் மெதுவாக நடந்து, தண்ணீர்ப் பக்கம் 5 மீட்டருக்குள் இருப்பதை மட்டும் எண்ணுங்கள். வெயில் ஏறிய பிறகு காலை 9 முதல் 12 வரை நல்ல நேரம். ஆனால் தோலிமிஸ் டில்லர்கா பொழுது சாயும்போதுதான் பறக்கும். காலையில் மட்டும் போகிறவர் பட்டியலில் அது வரவே வராது. பண்டாலா ஃபிளேவெசென்ஸ் கூட்டமாகத் தலைக்கு மேல் பறக்கும், உட்காராது. மழையோடு வெகு தொலைவிலிருந்து வரும் பயணி அது. அந்தக் கண்மாயில் அது பிறந்தது என்று எழுத ஆதாரம் வேண்டும்.

ஒரு தட்டானுக்குக் குறைந்தது நான்கு படம்: மேலிருந்து, பக்கவாட்டில் மார்பின் கோடுகள் தெரிய, முகம், வால்நுனிக் கொம்புகள். மேலிருந்து எடுத்த அழகான ஒரே படத்தை வைத்துப் பல இனங்களைப் பிரிக்க முடியாது. சிவப்புத் தட்டான்களைப் பாருங்கள். வயிற்றின் நடுமுதுகில் மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால் குரோகோதெமிஸ் சர்விலியா. பின்சிறகின் அடியில் அடர்ந்த பழுப்புத் திட்டும், வயிற்றின் 8, 9-ஆம் கண்டங்களில் கறுப்புப் புள்ளியும் இருந்தால் யூரோதெமிஸ் சிக்னாட்டா. சிறகிலேயே ஆரஞ்சு படர்ந்திருந்தால் பிராக்கிதெமிஸ் கன்டாமினேட்டா. அசுத்த நீரிலும் ஏராளமாக இருக்கும். 'சிவப்புத் தட்டான் - 30' என்ற குறிப்பால் ஒரு பயனும் இல்லை.

நிறத்தை அதிகம் நம்பக் கூடாது. புதிதாக வெளிவந்தது வெளிறியிருக்கும். டிப்ளகோடெஸ் டிரிவியாலிஸ் ஆண் இளமையில் மஞ்சள்பச்சை, முதிர்ந்தால் நீலச்சாம்பல் படிந்து வேறு இனம் போலிருக்கும். கருஞ்சாம்பல் புள்ளிகளோடு ஊரணிச் சுவரிலும் வீட்டு மதிலிலும் ஒட்டி உட்கார்ந்திருப்பது பிராடினோபைகா ஜெமினாட்டா. கல்லோடு கல்லாகத் தெரியும். அது சிமெண்டுத் தொட்டியிலும் முட்டையிடும். ஆகவே செட்டிநாட்டு வீடுகளின் மழைநீர்த் தொட்டிகளையும் எட்டிப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று, கழற்றிவிட்டுப் போன தோல். தட்டானின் இளவுயிரி சம்பிலோ கோரையிலோ ஏறி, முதுகு வெடித்து வெளிவந்த பிறகு விட்டுச்செல்லும் கூடு அது. அந்த நீரில் அது வளர்ந்து முடித்தது என்பதற்கு இதைவிட உறுதியான ஆதாரம் கிடையாது. ஒரு உயிரையும் கொல்லவும் வேண்டாம். விடியற்காலையில், காற்று கிளம்பும் முன், நீருக்கு ஒரு சாண் மேலே தண்டுகளில் தேடுங்கள். தீப்பெட்டியில் காய்ந்தபடியே வைத்தால் போதும்.

காய்ந்த பள்ளத்து மண்

செம்மண் பள்ளங்களிலும் பழைய கல்குவாரி ஓரங்களிலும் சில வாரம் மட்டும் தண்ணீர் நிற்கும். அங்கே மல்லாந்து, பதினொரு சோடிக் கால்களை அலையாக அசைத்து நீந்தும் தேவதை இறால்களைத் தேடுங்கள். தென்னிந்தியாவில் பரவலாக இருப்பது ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் டைகோடோமஸ். இவற்றின் முட்டை காய்ந்த மண்ணில் கோடையைத் தாண்டும். கோடையிலேயே சோதிக்கலாம். பள்ளத்தின் தாழ்ந்த பகுதியில் மேல் 2 செ.மீ. மண்ணை நாலைந்து இடத்தில் சுரண்டி, 200 கிராம் சேர்த்து, அகன்ற தொட்டியில் பரப்பி, 2 லிட்டர் மழைநீரோ சுத்திகரித்த நீரோ மெதுவாக ஊற்றி, வெளிச்சம் படும் இடத்தில் வையுங்கள். ஒன்றிலிருந்து மூன்று நாளில் புள்ளிபோலக் குஞ்சுகள் துள்ளும். குழாய்நீரின் குளோரினும் ஆழ்துளைக் கிணற்று உப்பும் பொரிப்பதைக் கெடுக்கும். ஒன்றும் வரவில்லையென்றால் மண்ணை முழுக்கக் காயவைத்து மறுபடி நனையுங்கள். எல்லா முட்டைகளும் முதல் நனைப்பில் பொரிவதில்லை.

எதைப் பாதுகாப்பது, எப்படி எழுதுவது

உயிரோடு பெயர் சொல்ல முடிந்ததை அந்த நீரிலேயே விட்டுவிட வேண்டும். முடியாததில் ஒன்றிரண்டு போதும். பூச்சிகளுக்கு 70 சதவீத எத்தனால். 95 சதவீதம் கிடைத்தால் 74 மி.லி. எடுத்து, நீர் சேர்த்து 100 மி.லி. ஆக்குங்கள். மரபணுச் சோதனைக்கு அனுப்புவதாயிருந்தால் நீர் சேர்க்காமல் 95-இலேயே போட வேண்டும். புட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிர்ப்பொருள் வேண்டாம். உடலில் இருக்கும் நீர் கலந்து ஸ்பிரிட் நீர்த்துவிடும். மறுநாள் ஒருமுறை மாற்றாவிட்டால் வண்டின் உள்ளே அழுகி, கால்கள் கழன்றுவிடும்.

குறிப்புச்சீட்டை உள்ளே போட வேண்டும், பென்சிலால் எழுதி. பால்பாயிண்ட் மை கரைந்துவிடும். வெளியே ஒட்டிய சீட்டு உரிந்துவிடும். மூடியில் எழுதினால் மூடி மாறிவிடும். இடம், அட்சரேகை தீர்க்கரேகை, நாள், நேரம், எந்த வாழிடம், எத்தனை விநாடி, எடுத்தவர் யார். இவை இல்லாத புட்டியை எந்தக் காப்பகமும் வாங்காது. குறிப்பேட்டில் இவற்றோடு நீர்மட்டம், நீரின் நிறம், வலைக்கண் அளவு, அன்றைய வானிலை. தேடியும் கிடைக்காததையும் எழுதுங்கள். 'ஆகாயத்தாமரை வேர், 45 விநாடி, நத்தை இல்லை' என்பது முழுமையான தகவல்.

பெயர் எழுதும்போது எதுவரை தெரியுமோ அதுவரை எழுதுங்கள். பேரினம் வரை உறுதி என்றால் பேரினத்தோடு நிறுத்தலாம். கிட்டத்தட்ட இதுதான், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றால் இனப்பெயருக்கு முன் 'சிஎஃப்.' என்று போடுவது வழக்கம். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் படத்தைப் பார்த்துச் சொல்லும் பெயர், அதிகம் படமெடுக்கப்பட்ட இனங்களின் பக்கமே சாயும். தட்டானுக்கு அது நல்ல தொடக்கம். நீருக்குள் வாழும் இளவுயிரிக்கு அதைச் சான்றாக வைக்க முடியாது. தட்டான்களுக்கு ஃபிரேசர் 1933, 1934, 1936-இல் எழுதிய மூன்று தொகுதிகளில் உள்ள இனங்காணும் திறவுகோல்கள் இன்றும் உதவுகின்றன, பெயர்கள் சில மாறியிருந்தாலும். ஒப்பிட்டுப் பார்க்கச் சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. கரைச் செடிகளுக்குத் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரக் காப்பகம் அருகில் உள்ளது.

இன்னும் எத்தனை இனம் கண்ணில் படாமல் இருக்கும் என்பதற்கு புள்ளியியலாளர் ஆன் சாவ் 1984-இல் தந்த கணக்கு எளியது. ஒன்றே ஒன்று மட்டும் அகப்பட்ட இனங்களின் எண்ணிக்கையை அதனாலேயே பெருக்கி, சரியாக இரண்டு அகப்பட்ட இனங்களின் எண்ணிக்கையின் இருமடங்கால் வகுத்து, கண்ட மொத்தத்தோடு கூட்ட வேண்டும். 18 இனம் கண்டோம், அதில் ஒற்றையாக வந்தவை 6, இரட்டையாக வந்தவை 3 என்றால் 36-ஐ 6-ஆல் வகுக்க 6. மொத்தம் குறைந்தது 24 இருக்கலாம். 'குறைந்தது' என்பது முக்கியம். நிறைய இனம் ஒற்றையாக வந்திருந்தால் தேடல் போதவில்லை, இன்னும் போக வேண்டும் என்று பொருள். ஒவ்வொரு இனத்திலும் எத்தனை என்று எண்ணாமல் பெயரை மட்டும் எழுதியவர் இந்தக் கணக்கைப் போட முடியாது.

பட்டியல் முடிந்ததும் ஒரு பிரதியை ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடம் கொடுங்கள். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின்படி மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைப் பேணுவது அந்தக் குழுவின் வேலை. பல பதிவேடுகளில் மரமும் மூலிகையும் இருக்கும், நீர்ப்பூச்சியும் நத்தையும் இருக்காது.

கடைசியாக வலை. ஒரு கண்மாயில் நனைந்த வலையோடு அதே நாளில் இன்னொரு ஊரணிக்குப் போகக் கூடாது. ஆகாயத்தாமரையின் ஒரு துண்டு, ஃபைசா நத்தையின் முட்டைப்படலம், ஜிலேபிக் குஞ்சு, இவற்றில் எது ஒட்டிக்கொண்டு போனாலும் போன இடத்தில் பெருகும். கிளம்பும் முன் அந்த நீராலேயே கழுவி, தையல் மடிப்பை விரலால் தடவிப் பார்த்து, வீட்டில் இரண்டு நாள் வெயிலில் முறுக்கில்லாமல் விரித்துக் காயப் போடுங்கள். பூட்ஸின் அடிச்சேற்றையும் தட்டையும் அப்படியே. ஒரே நாளில் இரண்டு இடம் போயே ஆக வேண்டுமென்றால் இரண்டு வலை வேண்டும்.